கல்யாண நாள் வானம்

ஹோபார்ட்
9 ஜூலை 1934

மெர்ல்,

இன்று விசாரணைக் கூடத்தில் நீ எடுத்த படத்தைக் காட்டினார்கள். நீ வேலை செய்கிற படக்கடையின் பெயரைத்தான் சொன்னார்கள், உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஜூன் பதினாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அந்தத் துறையில் காமிராவோடு நின்றது என் தங்கை ஒருத்திதான் என்று எனக்குத் தெரியாதா?

படகு முதலாளி ஸ்டானார்டின் வக்கீல் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். 'மோனா' படகு கிளம்புகிறது. சுக்கானில் என் புருஷன் லென். பின்பக்கம் ஆர்ச்சி ராட், இன்னும் முக்கால் மணி நேரம் உயிரோடு இருக்கப்போகிறவர். அவர்களுக்கு மேலே வானம். அலசிக் காயப்போட்ட கம்பளி மாதிரி வெள்ளை மேகம், நடுவில் வெயில்.

அதற்குச் சற்று முன்புதான் லென் எழுந்து நின்று, அன்று கடும் மூட்டம், முகத்துவாரத்து மணல்திட்டில் அலை ஏறிக்கொண்டிருந்தது, நான் வேண்டாமென்று சொன்னேன், ஸ்டானார்ட் போகச் சொன்னார், திட்டின் மேல் படகு கவிழ்ந்துவிட்டது என்று சொல்லி முடித்திருந்தார். வக்கீல் படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மிஸ்டர் டோரன், கடும் மூட்டம்னு சொன்னீங்களே, அது இதுதானா? உங்க ஊர்ல இதுக்குப் பேரு மூட்டமா?"

கூடமே சிரித்தது, மெர்ல். ஒரு ஆள் செத்துப்போன விஷயத்தில் சிரித்தார்கள். லென் படத்தைப் பார்த்தார். தான் பார்த்த வானத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது போல நின்றார்.

எனக்கு அந்த மேகத்தை எங்கேயோ பார்த்த நினைவு. அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து எங்கள் கல்யாணப் படத்தை எடுத்தேன். அதே மேகம். வலது மூலையில் பூட்ஸ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதே பூட்ஸ்.

என் கல்யாண நாள் வானத்தை எடுத்து என் புருஷன் தலையில் கவிழ்த்திருக்கிறாய். எதற்கு?

இருபத்துநாலாம் தேதி மறுபடி கூடுகிறார்கள். நல்ல வெயிலில் படகைக் கவிழ்த்தவன் என்று முடிவானால் லென்னின் படகோட்டும் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். உடனே பதில் எழுது.

யூனா

*

மார்லித் துறை
12 ஜூலை 1934

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையின் இருட்டறையில் சிவப்பு விளக்கில் வைத்துப் படித்தேன். முன்பக்கம் வைத்துப் படிக்கத் தைரியம் வரவில்லை.

நீ சொல்வது சரி. அது உன் கல்யாண நாள் வானம்தான். அன்று சர்ச்சிலிருந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது, அத்தனை பேர் நடுவில் உட்கார முடியாமல் நான் பின்னால் இருந்த மேட்டில் போய் நின்றுகொண்டேன். அந்த வருஷம் அப்படி ஒரு வானம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டில் அதை மட்டும் எடுத்து வைத்தேன். உங்கள் கல்யாணப் படத்துக்கும் அந்த வானத்தையே மேலே போட்டேன்.

இங்கே மூட்டத்தில் எடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாக வருகிறது. போஸ்ட்கார்டு வாங்குகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. "வானமே இல்லாத ஊரை எவன் வாங்குவான்?" என்பார் கடை முதலாளி. அதனால் முதலில் நிலத்தை அச்சிட்டு, அதை அட்டையால் மறைத்துக்கொண்டு, மேலே வேறொரு தகட்டிலிருந்து வானத்தை அச்சிடுவோம். கடையில் எட்டு வானம் இருக்கிறது. உன்னுடையது ஏழாவது. மலைக்கும் நதிக்கும் மரம் இழுக்கும் மாடுகளுக்கும் அதைப் போட்டிருக்கிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

எனக்கு என்னவோ மூட்ட வெளிச்சம்தான் பிடிக்கும். நிழல் விழாது. பாறை, பாசி, கயிறு, ஆள் எல்லாம் ஒரே அளவில் தெரியும். எதுவும் முன்னால் வந்து நின்று என்னைப் பார் என்று சொல்லாது. அந்தத் துறைப் படத்தையும் அப்படியேதான் வைத்திருந்தேன்.

ஆர்ச்சியை அடக்கம் செய்த நாலாம் நாள் அவர் மனைவி ஹில்டா கடைக்கு வந்தார். புருஷனின் கடைசிப் படம் என்னிடம் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை வானத்தோடு ஒன்று அச்சிட்டுப் பார்த்தேன். ஆர்ச்சியின் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை, அக்கா. அதை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருப்பதில் நல்ல வானத்தை எடுத்துப் போட்டேன்.

படகு கவிழ்ந்த அன்று மலைக்கு இந்தப் பக்கம் ஊரில் மழை. துறைப்பக்கம் எப்படி இருந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஹில்டா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அவனுக்காவது வெயில் அடிச்சிருக்கே, கண்ணு. நான் இங்க மழையில துணிய வாரிக்கிட்டு ஓடிட்டிருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்?

ஜன்னலில் இன்னொரு பிரதி இருந்தது. ஸ்டானார்ட் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "நல்லா எடுத்திருக்கியே பொண்ணு" என்று வாங்கிப்போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று உனக்குத் தெரியும். இப்போது ஊரில் மூன்று பேர் அன்று துறையில் வெயில் அடித்தது தங்களுக்கு நினைவிருப்பதாகச் சொல்கிறார்கள். ஜன்னலில் படத்தைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது.

வானம் போடாத பிரதி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். இது போதுமா? என்னை அங்கே வரச் சொல்லாதே. கூடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

மெர்ல்

*

ஹோபார்ட்
15 ஜூலை 1934

மெர்ல்,

போதாது. எங்கள் வக்கீலிடம் காட்டினேன். "வானத்தை ஒட்ட வைக்கிற பொண்ணுக்கு அதை அழிக்கத் தெரியாதா?" என்கிறார். காகிதம் செல்லாதாம். மூலத் தகடும் வேண்டும், அதை எடுத்தவளும் வேண்டும்.

தகடு வந்தால் மூட்டம் என்பது நிரூபணமாகிவிடும். அந்த வானிலையில் போகச் சொன்ன ஸ்டானார்ட் பக்கம் குற்றம் திரும்பும். லென் தப்பித்துவிடுவார்.

ஒரே ஒரு இடைஞ்சல், அந்தக் கிழவன் நோக்ஸ். முகத்துவார முனையில் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொள்கிறவன். படகு கிளம்புமுன்பே கம்பத்தில் கறுப்புப் பந்தை ஏற்றிவிட்டேன் என்று சாட்சி சொல்லியிருக்கிறான். பந்து ஏறினால் முகத்துவாரம் மூடியாயிற்று, ஒரு படகும் போகக்கூடாது என்பது நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பந்தைப் பார்த்துவிட்டும் போனார் என்று ஆனால் உரிமத்தோடு நிற்காது, ஜெயில் என்கிறார் வக்கீல். நல்ல வேளையாக உன் படத்தில் கம்பம் மொட்டையாக நிற்கிறது. அதைக் காட்டித்தான் கிழவனை உட்கார வைத்தார்கள். குடித்துவிட்டு உளறுகிறான் என்று எழுதிக்கொண்டு வேலையை விட்டும் எடுத்துவிட்டார்கள்.

நான் லென்னிடம் நேராகக் கேட்டேன். "நாங்க போறப்ப பந்து இல்ல, யூனா. பைபிள் மேல அடிச்சுச் சொல்றேன்" என்றார். எனக்கு அது போதும்.

கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். நாற்பது பேரும் மனிதர்கள்தான், கடிக்க மாட்டார்கள். பன்னிரண்டு வயதில் டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னாள் என்று பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தாய். அம்மா இல்லாத பெண் என்று நானும் விட்டேன். காமிராவின் கறுப்புத் துணிக்குள் எத்தனை வருஷம் ஒளிந்திருப்பாய்? இது ஒரு ஆளின் வாழ்க்கை. இருபத்துமூன்றாம் தேதி கிளம்பு. தகட்டைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்.

யூனா

*

மார்லித் துறை
18 ஜூலை 1934

அன்புள்ள அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தகடுகளில் தூசியால் ஊசிக்கண் மாதிரி ஓட்டைகள் விழும். அவை அச்சில் கறுப்புப் புள்ளியாக வரும். அதனால் அச்சிடுமுன் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை தெரிகிற இடத்திலெல்லாம் சிவப்புச் சாயத்தைத் தொட்டு வைப்பேன். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது வைப்பேன். யோசித்துச் செய்கிற வேலை இல்லை.

நேற்று, உன்னிடம் கொண்டுவருவதற்காக அந்தத் தகட்டைத் துடைக்க எடுத்தேன். வானத்தில் ஏழு இடத்தில் சாயம் வைத்திருந்தேன். சாட்சிக்குப் போகிற தகட்டில் என் கைவேலை இருக்கவேண்டாம் என்று ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆறு ஓட்டைகள். ஏழாவது மட்டும் ஓட்டை அல்ல.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓட்டையென்றால் விளிம்பு கீறினது போல இருக்கும். இது உருண்டையாக இருக்கிறது. கறுப்பாக இருப்பது தகட்டில் ஓட்டை மாதிரி வெளிச்சமாகத்தான் தெரியும். கீழே கம்பம் வந்து சேர்கிறது. பக்கத்தில் கயிறுகூடத் தெரிகிறது. மூட்ட வெளிச்சத்தில் எல்லாமே தெரியும் என்று எழுதினேன் அல்லவா?

பந்து ஏறியிருக்கிறது, அக்கா. நான்தான் அதைச் சாயம் வைத்து மறைத்திருக்கிறேன்.

அன்று அந்த முனையில் மேகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. நான் துணிக்குள் இருந்தேன். காமிராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், கடைக்கோடியில் இருப்பதை நான் பார்க்கவில்லை. ஆர்ச்சி ஏதோ கத்தினார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "துணிக்குள்ள இருக்கறது பொண்ணா, கோழியா?" என்று கேட்பாரே. அதனால் இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டு ரப்பர் குமிழை அழுத்திப் படத்தை எடுத்தேன்.

இப்போது ஆர்ச்சியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கி முனையைப் பார்க்கிறார். ஒரு கை லென்னின் தோள் பக்கம் நீண்டிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது.

லென்னும் அந்தப் பக்கம் திரும்பித்தான் இருக்கிறார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ சொல். சின்ன வயதிலிருந்து நீதான் எனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாய்.

மெர்ல்

*

ஹோபார்ட்
20 ஜூலை 1934

மெர்ல்,

சாப்பிடும்போது லென்னிடம் சொன்னேன். "மெர்ல் எழுதியிருக்கா. பந்து தெரியுதாம்" என்றேன். என்ன பந்து, எப்படித் தெரியும், பொய் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "எந்தப் படத்துல?" என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு ரொட்டியைத் தொட்டுத் தொட்டுத் தின்று முடித்தார்.

பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றார். "கப்பல் பன்னெண்டு மணிக்கு. அதுல ஏத்தலேன்னா இறால் செத்துடும்னு ஸ்டானார்ட் குதிச்சான். போறியா, இல்ல வேற ஆளைக் கூப்பிடவான்னான். ஆர்ச்சி வேணாம்னான். நான்தான் அவனை வாயை மூடுன்னேன்." இதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பைபிள் மேல் அடித்துச் சொன்ன ஆள். சரி. அதை நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன், நாற்பது வருஷம் இருக்கிறது பேச.

நீ செய்யவேண்டியது சின்ன வேலை. நீ தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய். ஏழாவது புள்ளியில் மறுபடி சாயத்தை வை. மற்ற ஆறிலும் வை. வானத் தகட்டையும் கொண்டு வா. அன்று மூட்டம், இந்த வானத்தை நான்தான் ஒட்டினேன் என்று சொல். அது முழுக்க உண்மை. சாயம் என்ன என்று கேட்டால், எல்லாத் தகட்டிலும் வைப்பதுதான் என்று சொல். அதுவும் உண்மை. நீ ஒரு பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை.

ஆர்ச்சி திரும்பி வரப்போவதில்லை. நோக்ஸுக்கு எப்படியும் அடுத்த வருஷம் ஓய்வு. லென்னுக்கு முப்பத்தொரு வயது. ஸ்டானார்டின் பேராசைக்கு இவர் ஏன் கம்பி எண்ணவேண்டும்?

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கணக்குப் பண்ணிப் பார்.

யூனா

*

ஹோபார்ட், பஸ் நிலையம்
25 ஜூலை 1934

அன்புள்ள அக்கா,

நேற்றுக் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது நீ என்னைத் தாண்டிப் போனாய். கூப்பிட வாயெடுத்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

நீ ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். நான் சாயம் வைத்துத்தான் கொண்டுவந்தேன். ஏழு இடத்திலும் வைத்தேன், ஏழாவதில் இரண்டு தரம். வழியெல்லாம் மடியில் வைத்திருந்தேன். நீ சொன்னபடி சொல்லத்தான் வந்தேன். என் பெயரைக் கூப்பிடும்வரை அப்படித்தான்.

என்னை நிறுத்திவிட்டு, முதலில் நோக்ஸை ஒரு கேள்வி கேட்டார் விசாரணைத் தலைவர். நோக்ஸ் யாருடையதோ ஒரு கோட்டைப் போட்டிருந்தார். கை நீளம். "இந்தப் பொண்ணு மூலத் தகட்டைக் கொண்டுவந்திருக்கா. இப்பவும் பந்தை ஏத்தினேன்னுதான் சொல்றீரா?"

அவர் என்ன சொன்னார் என்று நீயும் கேட்டாய். "ஏத்தினேன்னுதான் நெனச்சேன், ஐயா. கயிறு நனைஞ்சு கை வழுக்குச்சு, அதுகூட நெனப்பிருக்கு. ஆனா படத்துல இல்லைங்கறாங்களே. வெயில் வேற அடிச்சுதாம். இப்ப எனக்கே தெரியல. ஏத்தலையோ என்னவோ. நான்தான் அந்தப் பையனைக் கொன்னுட்டனோ என்னவோ."

ஆர்ச்சியைத்தான் பையன் என்றார்.

நான் எதையும் தீர்மானிக்கவில்லை, அக்கா. எழுந்து நின்றேன். அத்தனை பேரும் பார்த்தார்கள். "சத்தமா சொல்லும்மா" என்றார் தலைவர். பெருவிரலை எச்சிலில் நனைத்து அந்த இடத்தைத் தேய்த்தேன். இரண்டு தரம் வைத்ததால் சீக்கிரம் போகவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் போய்த் தகட்டைத் தூக்கிப் பிடித்தேன். தலைவர் இறங்கி வந்து பார்த்தார். "இதுல பந்து எது?" என்றார். விரலை வைத்தேன். வானத் தகட்டையும் எடுத்துக் கொடுத்து, அதை நான் ஒட்டினதையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க எனக்கு நினைவில்லை. லென் எழுந்து, "அதுதான். நான் பார்த்தேன்" என்றது நினைவிருக்கிறது. அதில் கோபமே இல்லை. நீ அழுதது நினைவிருக்கிறது. ஸ்டானார்டின் வக்கீல், "பந்தைப் பார்த்துட்டும் போயிருக்கார், எங்க கட்சிக்காரர் என்ன செய்ய முடியும்?" என்று சிரித்தது நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் இப்படித் திரும்புவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஸ்டானார்டும் மாட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போகும்போது தொப்பியைத் தூக்கினார், அக்கா. எனக்கு நன்றி சொன்னார்.

கடை முதலாளி தந்தி அடித்துவிட்டார். எட்டு வானத்தையும் நான் நாற்பது பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். திரும்ப வரவேண்டாம், பெட்டி வாசலில் இருக்கும் என்கிறார். நம் ஊர் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்கள், அங்கே போகிறேன். அதற்கு முன் நேரே ஹில்டாவிடம் போகவேண்டும். அவர் சுவரில் அந்த வெயில் மாட்டியிருக்கிறது. பேப்பரில் வருமுன் நான் சொல்லவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நீ கேட்ட ஒரே ஒரு காரியத்தை நான் செய்யவில்லை. வேறு எதற்காவது மன்னித்துவிடு என்று கேட்கலாம். இதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மெர்ல்

*

ஹோபார்ட்
11 அக்டோபர் 1934

மெர்ல்,

உன் ஐந்து கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. லென் சொன்னதால் எழுதுகிறேன்.

அவருக்குப் பதினெட்டு மாதம் ஜெயில் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பார்க்க விடுகிறார்கள். தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், காது இரண்டும் பெரிதாகத் தெரிகிறது. நன்றாகத் தூங்குகிறாராம். ஜூன் மாதத்துக்குப் பிறகு இங்கேதான் தூங்குகிறேன் என்றார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவர் தூங்காத அத்தனை நாளும் பக்கத்தில் விழித்துக் கிடந்தவள் நான் என்பது அவருக்கு நினைவில்லை.

நான் ஒரு சலவைக் கூடத்தில் வேலைக்குப் போகிறேன். நீராவி. கை வெந்துபோகிறது. ஹில்டா எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார். உன்னை வீட்டுக்குள் விடவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு நாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஸ்டானார்ட் புதுப் படகு வாங்கிவிட்டார்.

லென் சொல்லச் சொன்னது இதுதான்: "மெர்ல் செஞ்சது சரின்னு அவகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு." சொல்லிவிட்டேன். அது அவர் சொன்னது. நான் சொல்லவில்லை.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் நான் படித்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன்.

யூனா